வாளும் பேரேடும் கல்லூரி புகுந்த வரலாறு

அமெரிக்கப் பல்கலைக் கழகங்கள் பலவற்றின் பாடத்திட்ட ஏடுகளைப் புரட்டினால், வரலாறு, வேதியியல், மெய்ப்பொருளியல் ஆகியவற்றின் வரிசையிலேயே 'படைத் தலைமை' என்ற பாடமும் 'வணிகக் கணக்கியல் அறிமுகம்' என்ற பாடமும் இடம் பெற்றிருக்கக் காணலாம். முன்னதைப் படை அதிகாரியே வந்து கற்பிப்பார். பின்னதில் மாணவன் பற்றும் வரவும் எழுதப் பழகுவான். இவ்விரண்டிற்கும் என்ன உறவு என்று கேட்கத் தோன்றும். உறவு உண்டு. அதுவும், ஆசிரியர்களாகிய நாம் நாள்தோறும் கையாளும் மதிப்பெண் ஏட்டின் வழியே வந்த உறவு என்பர் சில ஆய்வாளர்.

இரு கலைகளும் பழமையானவை. எனினும் கல்விக் கூடத்தில் பிறந்தவையல்ல. ஜெனோவா நகராட்சியின் 1340ஆம் ஆண்டுக் கணக்கேடுகளிலேயே இரட்டைப் பதிவு முறை காணப்படுகிறது. பிரான்சிஸ்கத் துறவியும் கணித ஆசிரியருமான லூக்கா பாசியோலி அம்முறையை விளக்கி வெனிசு நகரில் நூல் அச்சிட்டதோ 1494இல்தான். அவரே அதைக் கண்டுபிடித்தவர் என்று கூறுவாரும் உளர், அது சரியன்று. வணிகர் கையில் நெடுங்காலமாக வழங்கியதை அவர் எழுதி வைத்தார், அவ்வளவே. அதன் பின்னரும் கணக்கு என்பது கடையில் எழுத்தராக அமர்ந்து கற்பதாகவும், போர்த்தொழில் பாசறையில் கற்பதாகவுமே பெரும்பாலும் இருந்து வந்தன.

ஹட்சன் ஆற்றங்கரையில் 1802இல் நிறுவப்பட்ட வெஸ்ட் பாயிண்ட் படைக் கல்லூரிக்கு 1817இல் தலைவராக வந்தவர் சில்வேனஸ் தேயர். பிரான்சு நாட்டின் படைக் கல்வி முறைகளை நேரில் ஆராய்ந்து திரும்பியவர். அவர் மாணவரைத் தகுதிவாரியாகச் சிறு குழுக்களாகப் பிரித்தார். ஒவ்வொரு மாணவனும் அன்றன்று பாடம் ஒப்புவிக்க வேண்டும். அதற்கு எண்ணால் மதிப்பெண் உண்டு. வாரந்தோறும் அறிக்கை உண்டு. ஒழுக்கக் குறைகளுக்கும் எண் இடப்பட்டது. இறுதியில் தரவரிசை கூட்டப் பெறும். எவன் எந்தப் படைப் பிரிவுக்குச் செல்வான் என்பதை அவ்வரிசை முடிவு செய்யும். 1829இல் ஒரு குறைப்புள்ளியும் இன்றி இரண்டாம் இடத்தில் தேறிய இராபர்ட் லீ பொறியியற் படையில் அமர்ந்தது இவ்வாறுதான். மனிதனுக்கே பேரேடு திறந்தாயிற்று!

கணக்கியல் வரலாற்றாய்வாளர்களான ஹாஸ்கின், மாக்வே இருவரும் 1988இல் எழுதிய கட்டுரையில் இதிலிருந்து ஒரு துணிவான முடிவுக்கு வந்தனர். வெஸ்ட் பாயிண்டில் 1819இல் தேறிய டேனியல் டைலர், 1832இல் ஸ்பிரிங்பீல்டு படைக்கலச் சாலையில் ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகிறதென்று கணித்துக் கூலி வகுத்தார். பள்ளியில் தம்மை அளந்த முறையைக் கொண்டே அவர் தொழிலாளரை அளந்தார் என்பதும், இன்றைய நிர்வாகக் கணக்கியலின் வேர் அங்கேதான் உள்ளது என்பதும் அவர்கள் கருத்து. இதனை மறுப்போரும் உளர். ஆலை முதலாளிகள் இலாபம் நாடித் தாமாகவே அவ்வழிக்கு வந்திருக்க மாட்டார்களா என்ற அவர்களது வினா எளிதில் தள்ளத் தக்கதன்று. ஆயினும், மதிப்பெண் இடுவது வெறும் பள்ளி வழக்கம் என்று எண்ணியிருப்போரைச் சிந்திக்க வைக்கும் கருத்து இது.

தேயருக்கு முன்னர்த் தலைவராக இருந்த ஆல்டன் பார்ட்ரிட்ஜ், பதவியை விட மறுத்துப் படை நீதிமன்றம் வரை சென்று விலகியவர். போர்த்தொழில் ஒரு சிலரின் தனியுரிமையாவது குடியரசுக்கு ஆகாது. குடிமகனே படைவீரனாகவும் இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்கெனவே 1819இல் வெர்மாண்ட் மாநிலத்தின் நார்விச் ஊரில் ஒரு கல்விக் கூடம் தொடங்கினார். அது 1834இல் நார்விச் பல்கலைக் கழகமாயிற்று.

கல்லூரி வாயிலே மிதியாத ஜஸ்டின் மோரில் என்ற கடைக்காரரும் அதே மாநிலத்தவரே. காங்கிரஸ் உறுப்பினரான அவர் கொண்டு வந்த நிலக்கொடை மசோதாவைக் குடியரசுத் தலைவர் புக்கானன் 1859இல் தள்ளிவிட்டார். உள்நாட்டுப் போர் மூண்டது. வடமாநிலங்களுக்குப் பயிற்சி பெற்ற அதிகாரிகள் கிடைக்கவில்லை. மோரில் தம் மசோதாவில் 'போர்த் தந்திரம்' என்பதையும் பாடமாகச் சேர்த்தார். லிங்கன் 1862 ஜூலை 2இல் ஒப்பமிட்டார். காங்கிரஸ் உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் வீதம் மாநிலங்களுக்கு நிலம் கிடைத்தது. (அந்நிலம் பழங்குடியினரிடமிருந்து பறிக்கப்பட்டதும் கொள்ளப்பட்டதுமே என்பதைக் கல்லூரி விழா மலர்கள் நெடுங்காலம் சொன்னதில்லை.)

கணக்கியலுக்குக் கதவு திறந்தது தனியார் பணம். ஜோசப் வார்ட்டன் 1881இல் பென்சில்வேனியாப் பல்கலைக் கழகத்துக்கு ஒரு லட்சம் டாலர் அளித்தார். பழைய வணிக இல்லங்களில் இளைஞர் அமர்ந்து தொழில் கற்ற முறை அருகிவிட்டதே என்ற கவலை அவரது கொடைக் கடிதத்தில் இருக்கிறது. 1900இல் நியூயார்க் பல்கலைக் கழகமும் கணக்கியலுக்கு இடமளித்தது.

படைப் பாடத்தின் வரலாறு இவ்வளவு அமைதியாகச் செல்லவில்லை. 1916ஆம் ஆண்டுச் சட்டம் கல்லூரிகளில் சேமப்படை அதிகாரிப் பயிற்சியை நிறுவியது. நிலக்கொடைக் கல்லூரிகள் பலவற்றில் அது ஆண் மாணவருக்குக் கட்டாயம். கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தில் மெதடிஸ்ட் சமய மாணவர் சிலர், போர்ப் பயிற்சி தம் மனச்சான்றுக்கு ஒவ்வாது என மறுத்து நீக்கப்பட்டனர். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. அங்கே படிக்கும்படி அவர்களை எவரும் கட்டாயப்படுத்தவில்லையே என்று கூறி, 1934இல் நீதிபதிகள் ஒருமுகமாகப் பல்கலைக் கழகத்தின் பக்கம் நின்றனர். ஏழை மாணவனுக்கு வேறு பல்கலைக் கழகம் ஏது என்று அத்தீர்ப்பு கேட்கவில்லை. 1960களில்தான் பல கல்லூரிகள் அக்கட்டாயத்தைக் கைவிட்டன. இன்று அப்பயிற்சியின் முதலிரண்டு ஆண்டுப் பாடங்களை, படை உதவித்தொகை பெறாத மாணவன் பொதுவாகப் பணிக் கடப்பாடு எதுவுமின்றிப் படிக்கலாம்.