பெயரா, பொருளா? கட்டளைவரி மின்னஞ்சல் பிரிப்பும் தமிழ்க் குறியேற்ற வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

மின்னஞ்சல்களைக் கட்டளைவரி வழியாகக் கோப்புறைகளில் பிரித்து வைக்கும் முறை 1970களின் இறுதியில் உருவானது. அம்முறையின் கருவிகள் ரோமன் எழுத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஆகவே, தமிழ் மடல்களை அவற்றின் பொருளைக் கொண்டு பிரிக்க அவற்றால் நெடுங்காலம் இயலவில்லை; அனுப்புநர் பெயரைக் கொண்டே பிரிக்க முடிந்தது. இந்த இடைவெளி தோன்றிய விதத்தையும், தமிழ்க் கணிமை வரலாற்றுக்குச் சான்றாகும் மடல்களைப் பாதுகாப்பதில் அதன் விளைவுகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மின்னஞ்சல், கட்டளைவரி, கோப்புறை, தமிழ்க் குறியேற்றம், ஆவணப் பாதுகாப்பு.

முன்னுரை

நீலகிரி மாவட்டம், குன்னூர் வட்டத்தில் உள்ள ஜெகதளாவை அடுத்த ஊர் அருவங்காடு. அப்பெயரை அரவங்காடு என எழுதுவோரும் உளர். எவ்வாறு எழுதினும் 643202 என்னும் எண் இருந்தால் கடிதம் வழி தவறாது. 1972 ஆகஸ்டு 15 அன்று நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீட்டு எண், ஒத்த ஊர்ப்பெயர்கள், பிழையான முகவரிகள், பல மொழிகள் ஆகியவற்றால் விளைந்த குழப்பத்தைத் தீர்க்க வந்தது. 643 என்னும் முதல் மூன்று இலக்கங்கள் நீலகிரியைச் சுட்டும். உதகமண்டலம் 643001, குன்னூர் 643101. கடிதத்தைப் பிரிப்பவர் ஊர்ப்பெயரின் எழுத்துக்கூட்டலை ஆராய வேண்டியதில்லை. சுருங்கக் கூறின், அஞ்சல் பிரிப்பு மொழியைத் தவிர்த்துத் தன் சிக்கலைத் தீர்த்துக்கொண்டது. மின்னஞ்சல் பிரிப்பும் அதே வழியை நாடியது. ஆனால் மின்னஞ்சலைத் திறந்து படித்துப் பிரிக்கும் ஆற்றல் கணினிக்கு உண்டு. அவ்வாற்றல் தமிழுக்குப் பயன்படாமற் போனதேன் என்பதே இக்கட்டுரையின் வினா.

ஒரு மடல், ஒரு கோப்பு

தொடக்கக் கால யுனிக்ஸ் கணினிகளில் ஒருவருக்கு வந்த மடல்கள் அனைத்தும் ஒரே நீண்ட கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. ஒரு மடலை வேறிடத்திற்கு மாற்ற, அக்கோப்பையே திருத்தி எழுத வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் புரூஸ் போர்டன் 1979இல் உருவாக்கிய எம்.எச். என்னும் மென்பொருள் இதனை மாற்றியது. அதில் ஒரு மடல் என்பது ஓர் எண்ணைப் பெயராகக் கொண்ட தனிக் கோப்பு; கோப்புறை என்பது கணினியில் முன்பே உள்ள அடைவு. மடல்களை உள்வாங்க 'இன்க்', பட்டியலிட 'ஸ்கேன்', தேட 'பிக்', வேறு கோப்புறைக்கு மாற்ற 'ரீஃபைல்' எனத் தனித்தனிக் கட்டளைகள் அமைந்தன. ஒரே மடலை இரு கோப்புறைகளில் இணைப்பாக வைக்கவும் 'ரீஃபைல்' இடமளித்தது. காகிதக் கடிதத்தை ஓர் அறையில் மட்டுமே இடமுடியும் என்னும் வரம்பு இங்கு நீங்கியது.

1990இல் ஸ்டீஃபன் வான் டென் பெர்க் எழுதிய புரோக்மெயில் அடுத்த படிநிலையாகும். பயனர் விதிகளை ஒருமுறை எழுதி வைத்தால், மடல் வந்தவுடன் மென்பொருளே அதைப் பிரித்துவிடும். அனுப்புநர் யார், பொருள்வரியில் எச்சொல் உள்ளது என்பன போன்ற நிபந்தனைகளை அவ்விதிகள் சோதித்தன. எனினும் அச்சோதனை சொல்லை நோக்குவதன்று. பைட்டுகளின் வரிசையை நோக்குவது. தமிழுக்கான இடர் இங்கேதான் தொடங்குகிறது.

இந்தியச் சூழல்

இந்தியாவில் மின்னஞ்சல் முதலில் கல்வி நிறுவனங்களில் பரவியது. மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் 1986இல் தொடங்கிய எர்நெட் திட்டத்தில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இடம்பெற்றது. பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகம் 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. அதன் மாணவர் கணக்குகள் எழுத்துவடிவத் திரையை மட்டுமே கொண்டிருந்தன. ஆகவே அன்றைய மாணவர்க்குக் கட்டளைவரி என்பது விருப்பத் தேர்வன்று. மடலைப் படிக்க இருந்த ஒரே வாயில்.

தமிழ் மடல்களின் மூன்று கட்டங்கள்

முதற்கட்டத்தில் தமிழ் ரோமன் எழுத்தில் எழுதப்பட்டது. பிரிப்பு விதிகள் அதனைப் படிக்க வல்லவை. ஆயினும் 'தமிழ்' என்னும் ஒரு சொல்லையே பலர் பலவாறு எழுதினர். ஒரு சொல்லுக்குப் பல விதிகள் தேவைப்பட்டன.

இரண்டாவது கட்டம் எட்டு பிட்டுக் குறியேற்றங்களின் காலம். பாலா பிள்ளை 1995இல் தொடங்கிய தமிழ்.நெட் மடலாடற்குழு உலகெங்கும் பரவிய தமிழரை இணைத்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் இத்தகைய மடற்பரிமாற்றத்தில் முளைத்ததே. தகுதரம் எனப்படும் டிஸ்கி, 1999 சென்னை மாநாட்டின் வழி வந்த டாம், டாப் ஆகியவை ஒன்றுக்கொன்று வேறான குறியேற்றங்கள். டிஸ்கி பன்னாட்டுப் பதிவேட்டில் இடம்பெற்றதோ 2007இல்தான். அதற்கு முன் சென்ற மடல்கள் பலவற்றின் தலைக்குறிப்பில் 'பயனர் வரையறுத்தது' என்றோ மேலை ஐரோப்பியக் குறியேற்றத்தின் பெயரோ இருந்தது. எனவே, ஒரு குறியேற்றத்திற்கு எழுதிய விதி மற்றொன்றில் அமைந்த அதே தமிழ்ச்சொல்லைக் கண்டறியாது.

மூன்றாவது கட்டம் ஒருங்குறி. தமிழ்நாடு அரசு 2010இல் அதனை ஏற்றபோது சிக்கல் தீர்ந்ததாகத் தோன்றியது. ஆனால் மின்னஞ்சலின் பொருள்வரியில் ரோமன் அல்லாத எழுத்துகள், 1996ஆம் ஆண்டுத் தரத்தின்படி, ரோமன் எழுத்துகளாலும் எண்களாலும் ஆன சரமாக மாற்றப்பட்டே செல்கின்றன. ஓர் ஒருங்குறித் தமிழ்க் குறி மூன்று பைட்டுகளைக் கொண்டது. மாற்றத்தில் அது நான்கு எழுத்துகளாகும். இடைவெளிக்கோ ஒரே பைட்டு. ஆதலின், ஒரு தமிழ்ச்சொல் வரியின் முதலில் நிற்கும்போது பெறும் வடிவம் வேறு. ஓர் இடைவெளிக்குப் பின் நிற்கும்போது பெறும் வடிவம் வேறு. இரண்டாவது இடைவெளிக்குப் பின் மூன்றாவது வடிவம் தோன்றும். மேலும், மாற்றிய துண்டு ஒவ்வொன்றும் 75 எழுத்துகளுக்கு மிகலாகாது. அதற்குள் பதினைந்து தமிழ்க் குறிகளே அடங்கும். 'ஜெகதளா அருவங்காடு' என்னும் இரு சொற்களில் பதினாறு குறிகளும் ஓர் இடைவெளியும் உள்ளன. அவை ஒரே துண்டில் அடங்கா. எனவே இவ்வூர்ப் பெயர்களைத் தேடும் நேரடி விதி, மடல் கண்முன் இருந்தும் அதைத் தவறவிடும்.

2001இல் தரப்படுத்தப்பட்ட 'சிவ்' (சல்லடை என்பது பொருள்) என்னும் விதிமொழி, தலைக்குறிப்பைப் பழைய நிலைக்கு மீட்ட பின்னரே ஒப்பிடுமாறு பரிந்துரைத்தது. தமிழ்ச்சொல்லை விதியில் தமிழாகவே எழுத அது வழிவகுத்தது.

கோப்புறையின் பெயர்

எஞ்சிய சிக்கல் ஒன்றுண்டு. 'கோத்தகிரி' என்பதன் முதலெழுத்திலுள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும், ஏகாரக் குறியும் காற்குறியுமாகிய இரண்டாகவும் ஒருங்குறியில் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, பைட்டுகளில் வேறு. வழக்கமான லினக்ஸ் கணினியில் இவை தனித்தனிக் கோப்புறைகளாக அருகருகே நிற்கும். 'சிவ்' தரமும் பைட்டுகள் ஒத்தாலன்றி இரு சொற்களை ஒன்றெனக் கொள்வதில்லை. ஓராய்வாளர் தம் கோத்தகிரி மடல்கள் பாதி தொலைந்தன எனக் கருதும்போது, அவை அதே பெயருடைய மற்றொரு கோப்புறையில் இருக்கக்கூடும்.

முடிவுரை

பொருளால் பிரிக்க இயலாத காலத்தில் தமிழ் மடல்கள் அனுப்புநர் பெயராலும் குழுவின் பெயராலும் பிரிக்கப்பட்டன. அன்று குறையாகத் தோன்றிய இது, இன்று வரலாற்று ஆய்வுக்கு நன்மையாகிறது. யாரிடமிருந்து, எவ்வழியாக, எந்நாளில் வந்தது என்னும் மூல ஒழுங்கைக் காப்பது ஆவணக் காப்பகவியலின் அடிப்படை நெறி. அக்கோப்புறைகள் அதனை அறியாமலே காத்துள்ளன. குறியேற்றம் பற்றிய விவாதங்கள் பெரிதும் மடல்களிலேயே நிகழ்ந்தன. அவற்றைப் பெற்றோரின் பழைய வன்வட்டுகளே நாம் இன்னும் தேட வேண்டிய ஓலைச்சுவடிகள்.

அவற்றைக் கையாள்வோர் மூன்றினைக் கடைப்பிடித்தல் நலம். முதலாவது, மூல மடலைத் தலைக்குறிப்புகளுடன் மாற்றமின்றிக் காத்தல். குறியேற்ற மாற்றத்தைப் படியில் மட்டுமே செய்தல். இரண்டாவது, பழைய கோப்புறை ஒழுங்கைக் கலைக்காமல், புதிய பொருட்பகுப்பை இணைப்புகளாகவோ குறிச்சொற்களாகவோ அதன்மேல் அமைத்தல். 2009இல் வெளிவந்த 'நாட்மச்' என்னும் கட்டளைவரிக் கருவி மடலை இடம் மாற்றாமலே குறிச்சொல் இட உதவுகிறது. மூன்றாவது, தேடுமுன் ஒருங்குறி வடிவங்களை ஒருமைப்படுத்துதல். இவற்றைச் செய்யாது, தேடலில் அகப்படாத மடலை இல்லாத மடலாகக் கருதினால், தமிழ்க் கணிமையின் முதல் தலைமுறை எழுதியவற்றுள் பெரும்பகுதி நம் வரலாற்றில் இடம்பெறாமற் போகும்.