கூலிக்கணக்கும் பதக்கப் பட்டியலும்: ஒக்சானா சுசோவிடினாவின் கொலோன் ஆண்டுகள் குறித்து ஒரு மறுவாசிப்பு

உஸ்பெகிஸ்தானின் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை ஒக்சானா சுசோவிடினா ஜெர்மனிக்கு ஏன் போனார் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. 2002இல் அவருடைய சிறு மகனுக்கு ரத்தப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. உஸ்பெகிஸ்தானில் அதற்கேற்ற சிகிச்சை கிடைக்கவில்லை. கொலோன் நகரத்து ஜிம்னாஸ்டிக்ஸ் கழகம் ஒன்று கைகொடுத்தது; குடும்பத்தோடு போனார். சர்ச்சை அடுத்த கேள்வியில்தான் தொடங்குகிறது. போன பிறகு அவர் ஏன் ஆடிக்கொண்டே இருந்தார்?

இதற்கு ஆய்வாளர்களில் பெரும்பாலோர் தரும் விடை ஒரே வரியில் அடங்கிவிடும்: மகனுக்காக. தாய்மை அவரைத் திரும்பவும் களத்துக்கு இழுத்துவந்தது, தாய்மையே முப்பது வயதுக்கு மேலும் அவரைத் தாவவைத்தது என்று ஒரு வாசிப்பு வேரூன்றிவிட்டது. உணர்ச்சியளவில் அதில் குறைசொல்ல ஏதுமில்லை. சான்றளவில் அது ஒற்றைக் காலில் நிற்கிறது. அந்தக் கால் சுசோவிடினாவே பேட்டிகளில் சொன்னதாக உலகெங்கும் திரும்பத் திரும்ப அச்சான ஒரு கூற்று. தான் போட்டியிடாவிட்டால் மகன் பிழைக்கமாட்டான், உலகப் பட்டம் ஒன்றுக்கு 3,000 யூரோ கிடைக்கிறது, தனக்கு வேறு வழியில்லை என்பது அதன் சாரம். பல கைகள் மாறி வந்திருக்கும் கூற்று ஆதலால் அதன் சொற்களைப் பிடித்துக்கொண்டு வாதிடுவது முறையாகாது. ஆனால் அதில் ஓர் எண் இருக்கிறது. அதைச் சுற்றிச் சில ஆண்டுகள் இருக்கின்றன. எண்ணையும் ஆண்டுகளையும் சரிபார்க்க முடியும். வியப்பு என்னவென்றால், கூற்றை எடுத்தாண்டவர்கள் பலரும் அதிலுள்ள கண்ணீரை எடுத்துக்கொண்டு கணக்கை விட்டுவிட்டார்கள்.

முதலில் ஆண்டுகள். மகன் பிறந்தது 1999 நவம்பரில். 2000 செப்டம்பரில் சிட்னி ஒலிம்பிக்கில் சுசோவிடினா களத்தில் நிற்கிறார். பிள்ளைக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை. 2001இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் நடந்த உலகப் போட்டியில் வால்ட் (தாண்டல்) பிரிவில் வெள்ளி. தங்கம் ரஷ்யாவின் ஸ்வெத்லானா கோர்கினாவுக்கு. நோய் தெரியவந்தது 2002இல். ஆக, குழந்தை பெற்ற பிறகு களத்துக்குத் திரும்பியதும் உலக அளவில் இரண்டாம் இடம் பிடித்ததும் நோய்க்கு முந்தைய செய்திகள். மருத்துவச் செலவு அவரைத் திரும்ப அழைத்துவந்திருக்க முடியாது. அவர் ஏற்கெனவே திரும்பி வந்திருந்தார். ‘மகனுக்காக’ வாசிப்பு இந்த ஆண்டுகளை எப்படியோ தாண்டிக் குதித்துவிடுகிறது.

கென்ட் வெள்ளியை இங்கே அழுத்திச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. பழைய ‘குதிரை’க்கு மாற்றாக, அகன்ற பரப்புடைய புதிய தாண்டுமேசை 2001இல்தான் உலகப் போட்டிக்கு வந்தது. முந்தைய ஆண்டு சிட்னியில் குதிரையை 5 செ.மீ. தாழ்வாகப் பொருத்திவிட்டார்கள், அடுத்தடுத்து வீராங்கனைகள் தடுமாறி விழுந்த பிறகே அது கவனத்துக்கு வந்தது. புதிய மேசையில் கை ஊன்ற இடம் அதிகம். சறுக்கும் அபாயம் குறைவு. ஓட்டம், உந்து, ஊன்று, சுழற்சி, இறக்கம் எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும் ஒரு பிரிவில் பல்லாண்டு அனுபவமுள்ள உடலுக்கு இந்த மாற்றம் உதவியிருக்கும் என்று கருத இடமுண்டு. அவர் உடலை இயற்கையின் அதிசயம் என்று வருணிக்கும் எழுத்துகள் குறித்து நான் சொல்ல விரும்புவது இவ்வளவே: மேசை மாறிய ஆண்டை அவை குறிப்பதில்லை. தாய்மை அவரை வால்ட் நிபுணர் ஆக்கியது என்பதும் பொருந்தாது. சோவியத் அணிக்காக 1991இல் இண்டியானாபோலிஸில் வென்ற வெள்ளி, 1992, 1993 உலகப் போட்டிகளின் வெண்கலங்கள் ஆகியவை அதே வால்ட்டில் வந்தவை.

இனி கணக்கு. சிகிச்சைக்குத் தேவைப்பட்டதாக அக்காலச் செய்திகள் சொல்லும் தொகை 1,20,000 யூரோ. பட்டத்துக்கு 3,000 யூரோ. வகுத்துப் பார்த்தால் நாற்பது உலகப் பட்டங்கள். உலகப் போட்டி பெரும்பாலும் ஆண்டுக்கொரு முறை வருவது. ஒலிம்பிக் ஆண்டில் அதுவும் இல்லை. 2002 இறுதியிலிருந்து 2006 வரை அவர் உலகப் போட்டிகளில் வென்றவை நான்கு வால்ட் பதக்கங்கள்: டெப்ரசெனில் வெண்கலம், 2003 அனஹைமில் தங்கம், 2005 மெல்போர்னில் வெள்ளி, 2006 ஆர்ஹூஸில் வெண்கலம். வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் தங்கத்தின் தொகையையே தாராளமாகக் கொடுத்துவிடுவோம். அப்போதும் 12,000 யூரோதான் தேறும். தேவையில் பத்தில் ஒரு பங்கு. உலகக் கோப்பைச் சுற்றுகளின் பரிசுப் பணம் இந்தக் கணக்கில் சேரவில்லை என்று ஒருவர் சொல்லலாம். சேர்த்தாலும் இடைவெளி அடைபடும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

அப்படியானால் பணம் எங்கிருந்து வந்தது? உலகெங்கும் உள்ள ஜிம்னாஸ்டிக்ஸ் வட்டாரங்கள் நன்கொடை திரட்டின. ஷானா, பீட்டர் ப்ரூக்மன் பயிற்றுவித்த கொலோன் கழகம் அவருக்குத் தங்க இடமும் பயிற்சிக் கூடமும் தந்தது. அக்கழகத்தின் அணிக்காக அவர் ஜெர்மானிய லீக்கில் ஆடினார். என் வாதம் முழுவதும் இந்த லீக்கைச் சார்ந்தது. முந்தைய ஆய்வுகள் உலகப் போட்டியையும் ஒலிம்பிக்கையும் மட்டும் பார்க்கின்றன. அங்கே கொடியும் கீதமும் உண்டு. லீக்கில் அவை இல்லை. கழகத்தின் பெயர்தான் உண்டு, அதன் முன்னொட்டாக ஒரு கார் நிறுவனத்தின் பெயரும் உண்டு. புலம்பெயர்ந்த ஒரு விளையாட்டு வீராங்கனையின் அன்றாடப் பிழைப்பு நடந்த இடம் அதுதான். உலகப் பதக்கம் அந்தப் பிழைப்புக்கான சம்பளம் ஆகாது; அவருடைய சந்தை மதிப்பைக் காட்டிய சான்றிதழ். சான்றிதழ் இல்லாதவரைக் கழகம் எத்தனை பருவம் வைத்துக்கொள்ளும்?

இந்த வெளிச்சத்தில் அந்தக் கூற்றை மறுபடி பாருங்கள். ‘போட்டியிடாவிட்டால் மகன் பிழைக்கமாட்டான்’ என்பது எண்ணளவில் பொய்யாகலாம், தொழிலளவில் மெய். பதக்கப் பணம் மருத்துவமனைக்குப் போகவில்லை என்றாலும், பதக்கம் இல்லாமல் கழகத்தில் இடமில்லை. கழகம் இல்லாமல் கொலோனில் இருப்பு இல்லை. இருப்பு இல்லாமல் சிகிச்சை இல்லை. ஒரு தொழிலாளி தன் வேலைக்கும் வீட்டுக்குமான சங்கிலியை, கேட்பவருக்குப் புரியும்படி, ஒரே ஒரு தொகையில் சுருக்கிச் சொன்னதாகவே நான் இதை வாசிக்கிறேன். சொன்னவருக்குத் தன் கணக்கு தெரியாதிருக்காது. கேட்டு எழுதியவர்களுக்குத் தியாகத் தாய் தேவைப்பட்டாள். பணத்தைப் பேசுவது தாயன்பைக் கொச்சைப்படுத்துவதாகும் என்ற மறுப்பு எழக்கூடும். பணத்தைப் பேசியது அவர். நான் கூட்டிக் கழித்தேன், அவ்வளவே.

இரண்டாவது சிக்கல் முடிவுப் பட்டியல்களில் பெயருக்கு அடுத்து வரும் நாட்டுக் கட்டம். சோவியத் ஒன்றியம், 1992இல் பார்சிலோனாவில் குழுத் தங்கம் வென்ற ஒருங்கிணைந்த அணி, உஸ்பெகிஸ்தான், 2006 முதல் ஜெர்மனி, 2013 முதல் மீண்டும் உஸ்பெகிஸ்தான். இந்தக் கட்டத்தை அப்படியே பின்பற்றி அவர் வாழ்வை ‘சோவியத் காலம்’, ‘உஸ்பெக் காலம்’, ‘ஜெர்மானியக் காலம்’ என்று வெட்டிப் போடுவது வழக்கமாகிவிட்டது. அனஹைம் தங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் அது உஸ்பெகிஸ்தானின் தங்கம். அப்போது அவர் வசித்ததும் பயிற்சி செய்ததும் மகனை மருத்துவமனைக்குக் கொண்டுபோனதும் ஜெர்மனியில். ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அவர் இறுதிச் சுற்றுக்கு வராமல் போனதும், மெல்போர்ன் வெள்ளியும் இதே இடைப்பட்ட காலத்தவை. குடியுரிமை கிடைத்தது 2006இல்தான். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஒருவருக்குக் கொல்லிமலை அடிவாரத்துப் பேளுக்குறிச்சியில் ரேஷன் அட்டை இருக்கும். ஆள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பார். தேர்தலுக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு வருவார். அட்டையை வைத்து அவருடைய உழைப்பின் வரலாற்றை எழுதினால் எவ்வளவு தேறுமோ, நாட்டுக் கட்டத்தை வைத்து எழுதினாலும் அவ்வளவுதான் தேறும். 2002 முதல் 2006 வரையான நான்கு ஆண்டுகள் எந்தக் ‘காலத்திலும்’ அடங்காதவை. புலம்பெயர்வின் உண்மையான சுமை அந்த ஆண்டுகளில்தான் இருக்கிறது.

ஜெர்மனி தரும் கை, சுசோவிடினா பெறும் கை என்ற படிமமும் இதனால் அடிபடுகிறது. பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு ஜெர்மானியப் பெண்கள் முழு அணியாகத் தகுதி பெற்றார்கள். அந்த அணியில் உறுதியான வால்ட் புள்ளி தருபவர் அவர். 2008இல் கிளர்மோன்-பெராண்டில் ஐரோப்பிய வால்ட் பட்டம் ஜெர்மனிக்கு. பெய்ஜிங்கில் 33 வயதில் 15.575 புள்ளிகளோடு வெள்ளி. வடகொரியாவின் ஹாங் உன்-ஜாங் 15.650, சீனாவின் செங் ஃபெய் 15.562. வெண்கலத்துக்கும் அவருக்கும் இடையே 0.013தான். வாங்கியதைவிட அவர் கொடுத்தது குறைவென்று இந்தப் பட்டியலைப் பார்க்கும் யாரும் சொல்லமாட்டார்கள்.

2008 வாக்கில் மகன் குணமானதாகச் செய்தி வந்தது. ‘மகனுக்காக’ வாசிப்பின்படி கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 2011 டோக்கியோ உலகப் போட்டியில் 36 வயதில் வெள்ளி. 2012 லண்டனில் ஐந்தாம் இடம். ஓய்வு அறிவித்தார், பிறகு மனம் மாறினார், 2013இல் உஸ்பெகிஸ்தானுக்குத் திரும்பினார். 2014 இஞ்சியோன், 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுகள் இரண்டிலும் வால்ட் வெள்ளி. 46 வயதில் டோக்கியோ, எட்டாவது ஒலிம்பிக். இந்தப் பத்தாண்டுக்கும் மேற்பட்ட காலத்தை விளக்கத் தாய்மை வாசிப்பிடம் எதுவும் இல்லை. ‘ஆர்வம்’ என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. தொழில் என்று வாசித்தால் முன்னதற்கும் பின்னதற்கும் இடையே உடைப்பு இல்லை. 2000இல் செய்ததைத்தான் 2021இலும் செய்தார். நோயின் ஆண்டுகள் அந்தத் தொழிலுக்கு நெருக்கடி தந்தன, அதைத் தொடங்கிவைக்கவில்லை. திரும்பிப்போனதையும் தாய்நாட்டுப் பாசம் என்று மட்டும் எழுதத் தேவையில்லை. ஜெர்மனியில் இளையோர் வரிசை நீண்டுகொண்டிருந்தது. உஸ்பெகிஸ்தானில் அவருக்கு இடம் உறுதி. இது என் ஊகம்தான். ஆயினும் பாசத்துக்கு இருக்கும் சான்றைவிட இதற்கு இருக்கும் சான்று குறைந்ததல்ல.

இந்திய வாசகர்களுக்கு நினைவிருக்கும் ஒரு சம்பவத்தை இதோடு வைத்துப் பார்க்கலாம். 2016 ஆகஸ்ட் 14, ரியோ, வால்ட் இறுதி. 1964க்குப் பிறகு ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் இடம்பெற்ற முதல் இந்தியரான அகர்தலாவின் தீபா கர்மாக்கர் ப்ரோதுனோவா தாவலைச் செய்தார். முன்னோக்கி இரட்டைக் குட்டிக்கரணம் அடித்து இறங்கும் அந்தத் தாவலுக்கு அப்போது கடினப் புள்ளி 7.0. இறக்கத்தில் பின்புறம் தரையைத் தொட்டாலும் 15.066 எடுத்து நான்காம் இடம்; வெண்கலம் வென்ற ஜூலியா ஸ்டெயின்க்ரூபர் 15.216. அதே இறுதியில் அதே தாவலுக்குப் போன மற்றொருவர் 41 வயது சுசோவிடினா. இறங்கும்போது கால் நிற்கவில்லை, முன்னால் உருண்டார். 14.833, ஏழாம் இடம். மகனுக்கு அப்போது 16 வயது, நலமாக இருந்தான். அடைக்க வேண்டிய மருத்துவக் கடன் இல்லை. கழுத்து முறியும் அபாயமுள்ள தாவலை அந்த வயதில் எடுத்ததற்குத் தியாகத்தைக் காரணம் காட்ட வழியில்லை. ஆனால் அன்று தங்கமும் வெள்ளியும் வென்ற பைல்ஸும் பசேகாவும் நிற்கும் ஓர் இறுதியில், எளிய தாவல்களோடு நின்றால் பதக்க மேடை எட்டாது என்று பத்து உலகப் போட்டிகளுக்கு மேல் கண்ட ஒருவருக்குத் தெரிந்திருக்கும். தீபாவின் முடிவை நாம் அன்று போட்டி உத்தியாக எடைபோட்டோம்: கடினப் புள்ளி எவ்வளவு, இறக்கத்தில் இழப்பு எவ்வளவு என்று. சுசோவிடினாவின் முடிவையும் அதே தராசில் வைப்பதற்குத் தடையாக இருப்பது அவருடைய வயதும் மகனும் பற்றி ஏற்கெனவே எழுதிக் குவித்திருக்கும் கதைகள் மட்டுமே.