ஒரு நாளைக்கு எத்தனை கேக் ஆர்டர் எடுக்கலாம்? ஹோம் பேக்கர்களுக்கு ஒரு சிம்பிள் கணக்கு!

டிசம்பர் வந்தாச்சு. இன்ஸ்டாகிராம்ல ஒரு போஸ்ட் போட்டதுமே வாட்ஸ்அப்ல கேக் ஆர்டர் குவியுதா? சந்தோஷம்! ஆனா, எல்லாத்துக்கும் 'ஓகே' சொல்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். டெலிவரி நாள் சாயங்காலம் இன்னும் அஞ்சு கேக் பாக்கின்னா என்ன பண்ணுவீங்க? அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துடலாம். ஒரு குழந்தையோட முதல் பிறந்தநாளைத் திருப்பிக் கொடுக்க முடியாதே!

எதை, எவ்வளவு, எப்போ, யார் செய்யறது? இந்தக் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் வெச்சிருக்கிறதுக்குப் பேர்தான் உற்பத்தித் திட்டமிடல். தொழிற்சாலைகள்ல இதுக்குத் தனி டீமே இருக்கும். உங்க கிச்சனுக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

மெதுவான இடம் எது?

ஒரு கேக்குக்கு மாவு கலக்க 20 நிமிஷம், அவன்ல 40 நிமிஷம், ஆற 60 நிமிஷம், ஐசிங் பண்ண 30 நிமிஷம்னு வெச்சுக்கோங்க. அவன்ல ஒரு நேரத்துல ஒரு கேக்தான் வைக்க முடியும். நீங்க தனி ஆள், தினமும் 8 மணி நேர வேலை.

ஆறுறதுக்குத்தான் அதிக நேரம். ஆனா, அது பிரச்னை இல்ல. பத்து கேக் ஒரே நேரத்துல ஆறலாம். அவன், 480 நிமிஷத்துல 12 கேக் தரும். நீங்க? கலக்க 20, ஐசிங்குக்கு 30, மொத்தம் 50 நிமிஷம். நேத்து ஆறின கேக்குக்கு இன்னைக்குக் காலையில ஐசிங் பண்ணி, சும்மா இருக்காம ஓடினாலும் 9 கேக்தான் முடியும்.

ஆக, இங்கே 'பாட்டில்நெக்' அவன் இல்ல, நீங்கதான்! பாட்டில் எவ்வளவு பெருசா இருந்தாலும், தண்ணி அந்தக் குறுகின கழுத்து வழியாத்தான் வரணும். கடன் வாங்கி ரெண்டாவது அவன் வாங்கினாலும் அதே 9 கேக்தான். ஐசிங்குக்கு ஒரு ஆள் சேர்த்தா 12 ஆகும். அதுக்கு அப்புறம்தான் அவன் பாட்டில்நெக்.

1984-ல வெளியான 'தி கோல்' நாவல்ல எலியாஹு கோல்ட்ராட் ஒரு தொழிற்சாலைக் கதை மூலமா விளக்குறதும் இதைத்தான். மெதுவான இடத்தைச் சரி பண்ணாம, மத்த இடத்துல வேகத்தைக் கூட்டிப் பிரயோஜனம் இல்ல.

முழுசா நிரப்பாதீங்க

9 முடியும்னா 9 ஆர்டர் எடுக்கக் கூடாது. கரன்ட் போகும், ஒரு கேக் உடையும், டெலிவரி பாய் லேட்டா வருவார். 7 ஆர்டரோட நிறுத்துங்க. மிச்ச நேரம்தான் உங்க பாதுகாப்பு.

முன்னாடியே முடிக்கலாமா?

பிளம் கேக் பல நாள் தாங்கும். அதனால, கூட்டம் இல்லாத வாரத்துலயே செஞ்சு அடுக்கிடுங்க. க்ரீம் கேக்கை ஆர்டர் வந்த பிறகு செய்யுங்க. கெடாத வேலையை முன்னாடி தள்ளினாலே கடைசி வாரச் சுமை பாதி குறைஞ்ச மாதிரி இருக்கும்.

ஒரு அட்டை போதும்

டொயோட்டாவுல தாயிச்சி ஓனோ உருவாக்கின 'கன்பன்' முறைக்கு அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகள்தான் இன்ஸ்பிரேஷன். ஷெல்ஃப்ல எடுத்த அளவுக்குத் திரும்ப அடுக்குறது. அதுக்கான சிக்னல், ஒரு சாதாரண அட்டை!

கேக் பாக்ஸுக்கு இதைச் செஞ்சு பாருங்க. தினமும் 7 பாக்ஸ் தேவை, ஆர்டர் பண்ணா வந்துசேர 3 நாள் ஆகும்னா, 21 பாக்ஸ். ஒரு நாள் தாமதத்துக்குக் கூடுதலா 7. மொத்தம் 28. அடியிலிருந்து 28 பாக்ஸ் அடுக்கி, அதுக்கு மேல ஒரு அட்டை. அட்டை கண்ணுல பட்டதும் புது பாக்ஸுக்கு ஆர்டர் போட்டுடுங்க.

இதுல இருக்கிற எண்கள் உதாரணத்துக்குத்தான். நாளைக்கு நீங்க செய்யப்போற முதல் கேக்குக்கு மொபைல்ல ஸ்டாப்வாட்ச்சை ஆன் பண்ணி, ஒவ்வொரு வேலைக்கும் ஆகுற நேரத்தை எழுதுங்க. உங்க எண் தெரிஞ்சுடும். எட்டாவது கஸ்டமர் கேட்டா, "இன்னைக்கு ஃபுல், நாளைக்குத் தரட்டுமா?"ன்னு தயங்காம சொல்லலாம்!