நகரும் உறுப்பைப் பிடித்து வைத்தல்: கதிர்ச்சிகிச்சையில் ரோபோவின் வேலை

"மெஷின் புதுசோ, பழசோ?" கதிர்ச்சிகிச்சைக்குத் திகதி கிடைத்ததும் வீட்டார் முதலில் விசாரிப்பது இதைத்தான். பெரியப்பாவுக்குப் புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரிந்தபோது நாங்களும் அதையேதான் கேட்டுத் திரிந்தோம். அவரோடு நாளாந்தம் போய்வந்த கிழமைகளில்தான், மெஷினைவிடப் பெரிய சிக்கல் உடம்புக்குள்ளேயே இருப்பது எனக்கு விளங்கியது. கதிர் குறித்த இடத்துக்குப் பிசகாமல் போகிறது. நேற்று அந்த இடத்தில் இருந்த உறுப்பு இன்று சற்றுத் தள்ளி நிற்கிறது.

புரோஸ்டேட்டுக்கு மேலே சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல். சிறுநீர்ப்பை நிரம்புவதாலும் மலக்குடலில் வாயு சேர்வதாலும் அது சில மில்லிமீற்றர் தள்ளப்படும். சிலவேளை ஒரு சென்ரிமீற்றர்கூட. நுரையீரலின் கீழ்ப்பகுதியிலோ ஈரலிலோ கட்டி இருந்தால் இன்னும் கஷ்டம். ஓய்வாகப் படுத்திருப்பவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறார். ஒவ்வொரு மூச்சுக்கும் கட்டி ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் மேலும் கீழும் போய்வரக்கூடும்.

இதற்குப் பழைய பரிகாரம், கட்டியைச் சுற்றி ஓரம் விட்டுக் கதிர் கொடுப்பது. கேட்கச் சின்ன விஷயம் போலத்தான் இருக்கும். ஆனால் 3 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உருண்டைக் கட்டிக்குச் சுற்றிவர 1 சென்ரிமீற்றர் ஓரம் விட்டால் விட்டம் 5 சென்ரிமீற்றர் ஆகிறது. கனவளவு நாலரை மடங்குக்கும் மேலாகிறது. அந்த மேலதிகம் முழுவதும் நல்ல இழையம். மலத்தோடு இரத்தம் போதல், சிறுநீர் எரிவு போன்ற தொல்லைகள் அங்கே கதிர் படுவதால் வருபவை.

ஓரத்தைக் குறைக்கத்தான் ரோபோவைக் கொண்டுவந்தார்கள். ஒரு வழி, அசையும் கட்டியைக் கதிர் பின்தொடர்வது. அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் அட்லர், சுவீடனில் லார்ஸ் லெக்செல்லிடம் பயின்றவர். லெக்செல்லின் காமா கத்தி மூளைக்கானது. தலையோட்டில் உலோகச் சட்டத்தைப் பூட்டித் தலையை அசையாமல் பிடித்துவிடலாம். ஈரலுக்கு எப்படிச் சட்டம் பூட்டுவது? அட்லர் கதிர்ப்பொறியை, கார்த் தொழிற்சாலைகளில் உள்ளது போன்ற ரோபோக் கையில் ஏற்றினார். சைபர்நைஃப் என்ற அந்தக் கருவியால் 1994இல் முதல் நோயாளிக்குச் சிகிச்சை நடந்தது. 2001இல் உடம்பின் மற்றப் பகுதிகளுக்கும் அமெரிக்க அனுமதி கிடைத்தது. கட்டிக்குள் அரிசிமணியிலும் மெல்லிய தங்கத் துணுக்குகளை முன்கூட்டியே வைப்பார்கள். எக்ஸ்றே அவற்றை இடைக்கிடை படமெடுக்கும். நெஞ்சின் மேலுள்ள ஒளிப்புள்ளிகளைக் கமரா விடாமல் பார்க்கும். இரண்டையும் பொருத்தி, அடுத்த கணம் கட்டி எங்கே நிற்கும் என்று கணினி கணிக்க, கை அதனோடு சேர்ந்து அசையும்.

இன்னொரு வழி ரோபோக் கட்டில். மூன்று திசைகளில் நகர்ந்தும் மூன்று அச்சுகளில் சரிந்தும் நோயாளியைத் திட்டமிட்ட நிலைக்குக் கொண்டுவரும். ஆனால் கட்டில் நகர்த்துவது முழு உடம்பையும். புரோஸ்டேட்டுக்கும் மலக்குடலுக்கும் இடையிலான தூரத்தை அதனால் கூட்ட முடியாது.

உள்ளே இருக்கும் உறுப்பையே நகர்த்தி வைப்பது மூன்றாவது வழி. மலக்குடலுக்குள் பலூன் வைத்து ஊதுவது பழைய முறை. இரண்டு உறுப்புக்கும் இடையில் ஊசியால் ஜெல் ஏற்றி ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் இடைவெளி உண்டாக்கும் முறைக்கு 2015இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த ஜெல் சுமார் மூன்று மாதம் நின்று, பிறகு உடம்பால் உறிஞ்சப்பட்டுவிடும். இந்த வேலையை ரோபோவிடம் கொடுக்கும் எண்ணம் இப்படி: மலவாசல் வழியாகப் போகும் கருவி, ஸ்கான் படத்தின்படி குடலைக் கதிரின் பாதையிலிருந்து விலக்கி, கதிர் ஓயும்வரை பிடித்திருந்து, பிறகு வெளியே வரும். தள்ளுவது எளிது. கிழமைக்கணக்கில் ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் கொண்டுபோய் வைப்பதும், குடற்சுவர் கிழியாதபடி விசையை அளந்து தள்ளுவதும்தான் கடினம். கருவியில் உலோகம் கூடினால் அதுவே ஸ்கான் படத்தைக் கெடுத்துவிடும். இப்படிப்பட்ட ரோபோக்கள் இன்னும் வழமையான சிகிச்சை ஆகவில்லை. காணொளியைப் பார்த்துவிட்டுக் காணியை விற்று வெளிநாடு போக யோசிப்பவர்களுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன்.

ரோபோ இல்லாத இடத்திலும் உறுப்பைப் பிடித்து வைக்கலாம். பெரியப்பாவைச் சிறுநீர் கழித்துவிட்டு, அளந்த தண்ணீரைக் குடித்து, குறித்த நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். அவர் அதை வைத்தியசாலைச் சம்பிரதாயம் என்றுதான் முதலில் நினைத்தார். நிரம்பிய சிறுநீர்ப்பை சிறுகுடலை மேலே தூக்கிக் கதிரிலிருந்து காக்கிறது. தினமும் ஒரே அளவு நிரம்பினால் புரோஸ்டேட்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். மலச்சிக்கலைத் தீர்க்கச் சொல்வதும் இதற்காகவே. இடது மார்புக்குக் கதிர் எடுக்கும் பெண்களை ஆழமாக மூச்சிழுத்து அடக்கச் சொன்னால், இதயம் மார்புச் சுவரிலிருந்து விலகி நிற்கும்.

போருக்குள்ளால் வந்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உடம்பில் ஷெல் துண்டோ சன்னமோ இருப்பதைத் திட்டமிடல் ஸ்கானுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். "அது பழசு, நோகிறதில்லை" என்று பலர் சொல்லாமல் விடுகிறார்கள். சி.ரி. படத்தில் உலோகம் கீற்றுக் கீற்றாகக் கோடு போட்டுப் பக்கத்து உறுப்பின் எல்லையை மறைக்கும். கதிரின் அளவைக் கணக்கிடுவதும் அங்கே பிசகும். எங்கே துண்டு இருக்கிறது என்று தெரிந்தால், கதிர்ச்சிகிச்சைப் பௌதிகவியலாளர் கதிர் நுழையும் கோணத்தை மாற்றலாம், கணக்கைத் திருத்தலாம். எம்.ஆர்.ஐ. என்றால் ஆபத்தே உண்டு. இரும்புத் துண்டைக் காந்தம் இழுக்கும். கண்ணிலோ முள்ளந்தண்டிலோ இருந்தால் பாரதூரமான காயம் வரும். 2017இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் முதல் நோயாளிக்குப் பயன்பட்ட, எம்.ஆர்.ஐ.யும் கதிர்ப்பொறியும் ஒன்றாயுள்ள கருவியின் காந்தம் 1.5 டெஸ்லா. அப்படியான மெஷின் எவ்வளவு புதுசென்றாலும், துண்டு எங்கே, என்ன உலோகம் என்று பாராமல் அதற்குள் போகக்கூடாது. பழைய எக்ஸ்றேயும் நோய்நிர்ணய அட்டையும் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். அவை இல்லாவிட்டால் ஒரு சாதாரண எக்ஸ்றேயிலேயே துண்டு தெரிந்துவிடும்.

முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பியது உணர்வில் தெரியாது. கால்கள் தானாக இழுத்துக்கொள்ளவும் கூடும். சிறுநீர்க்குழாய் போட்டிருப்பது, இழுப்பு வருவது, படுக்கைப்புண் இருப்பது மூன்றையும் முதல் நாளே சொல்லுங்கள். குழாயால் சிறுநீர்ப்பையை அளவாக நிரப்புவதா, வெறுமையாக வைத்தே திட்டமிடுவதா என்று அவர்கள் தொடக்கத்திலேயே முடிவெடுக்க வேண்டும். ஸ்கான் எடுத்து அளவு குறித்த பிறகு சொன்னால் எல்லாம் திரும்பவும் முதலிலிருந்து.