பெயரில்லாப் பொறியும் மலிவு வண்டியும்

சீனநாட்டிலிருந்து உலகின் பல துறைமுகங்களுக்குச் சென்று இறங்கிய மலிவு விலை ஸ்கூட்டர்களுள் ஒன்றை எடுத்து, அதன் பொறியை உற்று நோக்குவோமாயின், '139 க்யூ.எம்.பி.' என்று பொறிக்கப்பட்டிருக்கக் காணலாம். இஃது ஒரு நிறுவனத்தின் பெயரன்று, பொறியின் இலக்கணம். முதலில் நிற்கும் 1, உருளை ஒன்றே என்பதைக் காட்டும். 39 என்பது அவ்வுருளையின் உள்விட்டம், மில்லிமீட்டர் அளவில். 'க்யூ' விசிறிக் காற்றால் குளிர்விக்கப்படுவதையும், 'எம்' மோட்டார் சைக்கிள் இனத்துக்குரியது என்பதையும், 'பி' கொள்ளளவு 50 கன சென்டிமீட்டர் வகுப்பைச் சார்ந்தது என்பதையும் குறிக்கும். செய்தவர் யார் என்பதை மட்டும் இவ்வெழுத்துகள் சொல்வதில்லை.

இவ்வகைப் பொறியின் மூல அமைப்புத் தைவானிலுள்ள குவாங் யாங் நிறுவனத்தில் தோன்றியது. அந்நிறுவனமோ ஜப்பானின் ஹோண்டாவிடம் தொழில் பயின்றது. பின்னர்ச் சீனப் பெருநிலத்தில் எத்தனையோ தொழிற்சாலைகள் அதே அளவுகளில் அதே பொறியைச் செய்யலாயின. ஒரு பட்டறையில் வார்த்த உறுப்பு, நூறு கல் தொலைவிலுள்ள வேறொரு பட்டறையின் பொறியிலும் பொருந்தும். மாணவ நண்பர்கள் இச்செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். "சீனத்தில் கூலி குறைவு; ஆகவே பண்டம் மலிவு" என்று பலரும் விடையெழுதுவர். அவ்விடைக்குப் பாதி மதிப்பெண்ணே கொடுக்கலாம். கூலி குறைந்த நாடுகள் உலகில் வேறு பல இருந்தன. அவையெல்லாம் ஸ்கூட்டர் ஏற்றுமதி செய்யவில்லையே!

விடையின் மற்றப் பாதியைத் தேடி யாங்சி ஆற்றின் வழியே மேற்கு நோக்கிச் செல்லவேண்டும். நம் பழைய நூல்கள் சுங்கிங் என்று எழுதிய சோங்கிங் நகரம் அங்கேயுள்ளது. 1937-இல் ஜப்பானியர் படையெடுத்தபோது, சியாங் கை ஷேக்கின் அரசாங்கம் உள்நாட்டுக்குப் பின்வாங்கி இந்நகரைப் போர்க்காலத் தலைநகராக்கிக்கொண்டது. கடற்கரைப் பகுதியிலும் யாங்சிக் கரையிலும் இருந்த படைக்கலச் சாலைகள் பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு இங்கே கொண்டுவரப்பட்டன. 1964-க்குப் பின், மீண்டும் போர் மூளுமோ என்றஞ்சிய மா சே துங், உள்நாட்டு மலைப்பகுதிகளில் மேலும் பல ஆலைகளை நிறுவச் செய்தார். 1978-இல் டெங் சியாவோ பிங்கின் சீர்திருத்தம் தொடங்கியது. ஆயுதங்களுக்கு வந்த ஆணைகள் குறைந்தன. கடைசல் இயந்திரங்களும் கைதேர்ந்த தொழிலாளரும் வாளாவிருக்க இயலுமா? ஜியாலிங் என்னும் படைக்கலச் சாலை 1979-இல் மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கியது. ஜியான்ஷே என்னும் மற்றொன்றும் அவ்வழியே சென்றது. முன்னதற்கு ஹோண்டாவும் பின்னதற்கு யமஹாவும் தொழில்நுட்பம் வழங்கின.

அரசாங்க ஆலையின் மதிலுக்கு வெளியே அடுத்த கட்டம் நிகழ்ந்தது. இன் மிங்ஷான் என்பவர் 1938-இல் பிறந்தவர்; அரசியல் காரணங்களால் இளமையைச் சிறையிலும் கட்டாய உழைப்பிலும் கழித்தவர்; பின்னர் ஆசிரியராகவும் புத்தக வணிகராகவும் இருந்தவர். 1992-இல், தம் 54-ஆம் வயதில், ஒன்பது பேரை வைத்துக்கொண்டு சோங்கிங்கில் ஒரு சிறு தொழிலகம் தொடங்கினார். அவ்வயதில் ஓய்வூதியக் கணக்குப் பார்ப்பதே நம்மவர் வழக்கம். ஜியான்ஷே பொறிக்குரிய உதிரி உறுப்புகள் பழுதுபார்ப்போருக்கெனத் தனித்தனியே விற்கப்பட்டு வந்தன. அவற்றையெல்லாம் வாங்கி ஒன்றாக இணைத்தால், முழுப் பொறியின் விலையை விடச் செலவு குறைவாக இருந்ததை அவர் கண்டுகொண்டார். அத்தொழிலகமே பின்னாளில் லிஃபான் என்னும் பெருநிறுவனமாயிற்று. அதே 1992-இல் மோட்டார் சைக்கிள் பழுதுபார்த்து வந்த சுவோ சோங்ஷென், தம் பெயராலேயே ஒரு நிறுவனம் கண்டார். அடுத்த ஆண்டே உற்பத்தி எண்ணிக்கையில் சீனம் ஜப்பானை முந்தியது.

இவர்கள் கையாண்ட முறை ஜப்பானியர் முறைக்கு நேர்மாறானது. ஜப்பானில் தலைமை நிறுவனம் ஒவ்வோர் உறுப்புக்கும் வரைபடம் தீட்டி, ஒப்பந்தப் பட்டறைகளுக்குக் கொடுத்து, பிழையிருந்தால் திருத்தும். சோங்கிங்கிலோ, உறுப்பின் எடை, அளவு, விலை ஆகியவற்றைப் பருமட்டாகச் சொன்னால் போதும். மற்றவற்றை உறுப்புச் செய்வோர் தேநீர்க் கடைகளில் கூடித் தமக்குள் பேசி முடித்துக்கொள்வர். ஒருவர் விலையை உயர்த்தினால் அதே உறுப்பைக் குறைந்த விலைக்குக் கொடுக்க அடுத்த தெருவில் ஒருவர் காத்திருப்பார். வரைபடத்துக்குச் செலவில்லை, ஆராய்ச்சிக்குச் செலவில்லை, போட்டிக்கோ ஓய்வில்லை.

ஸ்கூட்டருக்கென்று தனிச் சிறப்புடைய மாகாணம் கிழக்குக் கடற்கரையிலுள்ள செஜியாங். ஸ்கூட்டரின் உடல் பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆனது. பிளாஸ்டிக்குக்கு அச்சு வேண்டும். அம்மாகாணத்துத் தைசூ வட்டாரத்தைச் சேர்ந்த ஹுவாங்யான், அச்சுத் தொழிலுக்கே பெயர் போன ஊர். அதே தைசூவில் நிழற்படக்காரராக வாழ்க்கையைத் தொடங்கி, குளிர்பதனப் பெட்டிக்கு உறுப்புகள் செய்த லி ஷுஃபு, 1990-களின் நடுவில் ஸ்கூட்டர் தொழிலில் இறங்கினார். அவருடைய ஜீலி நிறுவனம் பின்பு கார் செய்யத் தொடங்கி, 2010-இல் சுவீடனின் வோல்வோ கார் நிறுவனத்தையே விலைக்கு வாங்கிற்று.

இனி, அந்தப் பாதி மதிப்பெண்ணுக்குரிய கூலியைப் பற்றியும் சொல்லவேண்டும். 1958-ஆம் ஆண்டின் குடிப்பதிவுச் சட்டம் சீன மக்களை ஊரார், நகரத்தார் என இரு பகுதியாக்கியது. உழவர் மகன் நகரத்து ஆலையில் பத்தாண்டு உழைத்தாலும் பதிவில் அவன் ஊரானே. நகரப் பள்ளியில் அவன் குழந்தைக்கு எளிதில் இடமில்லை. மருத்துவ உதவியும் அப்படியே. இவ்வாறு ஊரை விட்டும் விடாமலும் உழைத்தோர் 2008-இல் 22 கோடிக்கு மேற்பட்டோர். ஆலையை ஒட்டிய விடுதியிலேயே உறக்கம்; செய்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி. மாதத்துக்கு 36 மணிக்கு மேல் மிகைநேர வேலை கூடாதென்று 1995-இல் நடைமுறைக்கு வந்த தொழிற்சட்டம் விதித்தது. ஆலைகள் பல அதைப் பொருட்படுத்தவில்லை. தொழிலாளரும் கூடுதல் நேரத்தை வேண்டாமென்று சொல்லவில்லை. மிகைநேரமின்றி ஊருக்கு அனுப்பப் பணம் மிஞ்சாது. புத்தாண்டு விழாவின்போது ஆண்டுக்கொருமுறை வீடு திரும்பும் தாய்தந்தையரைப் பாட்டன் பாட்டியிடம் வளர்ந்த குழந்தை அடையாளம் கண்டுகொள்ளத் தயங்கும். வண்டி வாங்கியவர் கொடுக்காமல் விட்ட விலையில் ஒரு பகுதியை அக்குழந்தை கொடுத்தது. நாம் மலிவு என்று சொல்லும்போது யாருக்கு மலிவு என்ற வினாவையும் உடன் எழுப்புவது வரலாற்று மாணவனின் கடமை.

இனி, அம்முறையின் குறையைப் பார்ப்போம். பக்கத்து மாணவனைப் பார்த்து எழுதுபவன் விடையோடு பிழையையும் சேர்த்தே எழுதிவிடுவான். ஏன் அவ்விடை என்று கேட்டால் விழிப்பான். உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தின. ஆயினும் முழு வண்டிக்குப் பொறுப்பேற்பார் ஒருவரும் இல்லை. விலைப்போட்டி முற்றியபோது, உருக்கின் தரத்தைக் குறைத்தே ஆதாயம் தேடினர். 2000, 2001 ஆகிய ஆண்டுகளில் வியத்நாமுக்குள் சீன மோட்டார் சைக்கிள்கள் வெள்ளமெனப் புகுந்தன. ஜப்பானிய வண்டியின் விலையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குக்கு அவை கிடைத்தன. ஒருகாலும் வண்டி வாங்க இயலாதெனக் கருதிய உழவர் குடும்பங்கள் வாங்கின. இந்நன்மையை மறைத்தல் கூடாது. ஆனால், வண்டிகள் விரைவில் பழுதுபட்டன.

ஹோண்டா என்ன செய்தது? தன் வண்டியைப் பார்த்துப் படியெடுத்துவந்த சுந்திரோ என்னும் சீன நிறுவனத்தோடு 2001-இல் கூட்டுச் சேர்ந்தது! மலிவாக உறுப்பு வாங்கும் வித்தையைப் படியெடுத்தவரிடமிருந்தே கற்றுக்கொண்டு, 2002-இல் 'வேவ் ஆல்ஃபா' என்னும் விலை குறைந்த வண்டியை வியத்நாமில் வெளியிட்டது. அவ்வரசாங்கம் இறக்குமதிக்கு வரம்பு கட்டியதும் அதே காலத்தில்தான். சீன வண்டிகளின் செல்வாக்கு அங்கே சில ஆண்டுகளில் சரிந்தது.

சீனத்துக்குள்ளேயும் நெருக்கடி வந்தது. பெருநகரங்கள் ஒவ்வொன்றாக மோட்டார் சைக்கிள்களை விலக்கின. குவாங்சௌ நகரம் 2007 சனவரி முதல் நாளிலிருந்து முற்றிலும் தடைசெய்தது. எரிபொருள் வண்டி நின்ற இடத்தில் மின்கல ஸ்கூட்டர் புகுந்தது. அது மிதிவண்டி இனத்தில் சேர்க்கப்பட்டதால் உரிமம் வேண்டியிருக்கவில்லை. அச்சுப் பட்டறைகளுக்கு வேலை தொடர்ந்தது. சோங்கிங்கின் பொறிப் பட்டறைகளுக்குத்தான் இடர்ப்பாடு. காரிலும் கால் வைத்துக் கடனில் ஆழ்ந்த லிஃபான், 2020-இல் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் சீரமைப்புக்கு உட்பட்டது. அதில் முதலீடு செய்து கைகொடுக்க முன்வந்தோருள் ஒருவர், தைசூவில் ஸ்கூட்டர் செய்யத் தொடங்கிய அதே ஜீலி நிறுவனத்தார்.