கட்டமும் காயும்

ஆண்டு விழா மலரில் விளையாட்டைப் பற்றியும் எழுதுவதோ என்று எண்ணும் பெரியோர் சிலர் இருக்கக்கூடும். இன்று கற்றோர் அவைகட்கு நாம் பெருமையுடன் சூட்டும் ‘கழகம்’ என்னும் பெயரைத் திருவள்ளுவர் சூதாடும் இடத்திற்கு வழங்கியுள்ளார் என்பதை அவர்கட்கு முதற்கண் நினைவூட்டுவோம். சூதைக் கடிந்த அப்பெருந்தகையே, கல்லாதவன் அவையிற் பேசுவதற்கு உவமை தேடியபோது, கட்டம் கீறாமல் வட்டாடுவதை எடுத்துக்கொண்டார். கட்டமும் காயும் அக்காலத்து மக்களுக்கு அத்துணைப் பழக்கமானவை.

புறநானூற்றின் 52ஆம் பாட்டு இதனினும் நெஞ்சைத் தொடுவது. படையெடுப்பால் பாழ்பட்ட நாட்டில் ஒரு பொதுமன்றம். நரைத்த முதியோர் அமர்ந்து ‘நாய்’ என்னும் காயை வைத்து வைத்து ஆடியதால், அங்குள்ள ஆட்டக்களம் குழிந்து கிடக்கிறது. ஆடியவர் இப்போது இல்லை. குழிகளில் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. ஒரு குடி அழிந்ததைக் காட்டப் புலவர் மருதன் இளநாகனார் இந்த ஆட்டக்களத்தையும் காட்டினார். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் நம் தீவின் கரை தாழ்ந்து, வயல்களில் உப்புநீர் புகுந்ததைக் கண்ட வண்டூர் மக்கள் இப்பாட்டை எளிதிற் கடந்து செல்ல இயலாது.

கீழடி அகழாய்வில் தந்தத்தாலான பகடையும், சுடுமண் ஆட்டக்காய்களும், வட்டச் சில்லுகளும் கிடைத்தன. காய்கள் மண்ணுள் இருந்தன. ஆடும் முறை மட்டும் அவற்றோடு கிடைக்கவில்லை. முறை என்பது ஆடுவோர் வாயில் வாழ்வது. அதனைப் புதைத்து வைக்க இயலாது.

நம் இல்லங்களில் ஆடும் தாயத்தையே பாருங்கள். பித்தளைத் தாயக்கட்டை இரண்டினை உருட்டினால் 1, 2, 3, 4, 5, 6, 12 ஆகியவை விழும். இரண்டும் வெறும் பக்கமாக விழுந்தால் 12. அதன் களிப்பைச் சொல்லவும் வேண்டுமோ! தாயம் விழுந்தாலன்றிக் காய் இறங்காது என்பது பெரும்பான்மையோர் முறை. ‘மலை’யில் நிற்கும் காயை வெட்டலாகாது. பகைவன் காய் ஒன்றையேனும் வெட்டாமல் உட்கட்டம் புகுந்து பழம் எடுக்கலாகாது என்று சில வீடுகளிற் கூறுவர். சில வீடுகளில் அதனைக் கேட்டறியார். ஐந்து கட்டத்தில் ஆடுவோர் உண்டு, ஏழு கட்டத்தில் ஆடுவோரும் உண்டு. குழந்தைகள் சோர்ந்தால் பாட்டிமார் விதியைத் தளர்த்துவர். ஆட்டம் விரைவில் முடியுமெனில் ஒரு தடை கூட்டுவர்.

இன்று நம் இளைஞர்கள் விலைகொடுத்து வாங்கும் ‘எக்ஸ்பான்ஷன்’ என்னும் விரிவுப் பெட்டி இதுவே என்பது நம் துணிபு. ஜெர்மானியரான கிளவுஸ் டொய்பர் 1995இல் வெளியிட்ட ‘காட்டான்’ என்னும் ஆட்டம், ஆளில்லாத் தீவொன்றில் குடியேறி, மரமும் செங்கலும் கம்பளியும் பண்டமாற்றுச் செய்து ஊர் அமைப்பது. தீவில் குடியேறுவதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை! அதில் நால்வரே ஆடலாம். ஐவரும் அறுவரும் ஆட 1996இல் ஒரு விரிவு வந்தது; 1997இல் கடலும் கப்பலும் சேர்ந்தன.

2000இல் வந்த ‘கார்க்கசோன்’ நம் உள்ளத்துக்கு இன்னும் உகந்தது. அதில் 72 சதுரத் துண்டுகள். ஒவ்வொருவரும் ஒன்றை எடுத்து வைக்க, ஊரும் வழியும் வயலும் விரிகின்றன. மறு ஆண்டு அதற்கு ஓர் ஆறு வந்தது. 12 துண்டுகளே! ஊற்றிலிருந்து ஏரிவரை ஆற்றை முதலில் வைத்துவிட்டுப் பிறகு ஆடவேண்டும். விதி ஏறக்குறைய ஒன்றும் கூடவில்லை. ஆயினும் ஓரிடத்தில் நெருங்கிக் கிடந்த நாடு நீண்டு பரந்துவிடுகிறது. சிறு விரிவின் அழகு இஃதே. எல்லாப் பெட்டிகளையும் ஒருசேரக் கொட்டி ஆடுவோரை நாம் போற்றுவதற்கில்லை; பொங்கலில் புளியும் சேர்த்தாற்போல் ஆகிவிடும்.

விரிவு என்பது சிலபோது ஆட்டத்தையே வேறாக்கும். நம் நாட்டுச் சதுரங்கத்தில் மூலைவாட்டில் ஒரு கட்டம் மட்டுமே நகர்ந்த மந்திரி, 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் எல்லாத் திசையும் செல்லும் அரசியானார். பரமபதம் 1892இல் இங்கிலாந்தில் ‘பாம்பும் ஏணியும்’ ஆயிற்று. நாளடைவில் வைகுண்டம் போய் வெறும் நூறாம் கட்டம் எஞ்சியது. வடநாட்டுப் பச்சீசி 1896இல் அங்கே ‘லூடோ’ என்று காப்புரிமை பெற்றது. நம்மிடம் வாயால் வாழ்ந்ததை அவர்கள் அச்சிட்டுப் பெட்டியிலிட்டனர். இதிற் சினப்பதற்கு ஒன்றுமில்லை. அச்சிட்டதால் அவர்கள் முறை நிலைத்தது. எழுதாமையால் நம் முறை ஒவ்வொரு முதியவரோடும் மறைகிறது. கவலைக்குரியது அதுவே.

வண்டூர் போன்ற குடியிருப்பில் இக்கவலை இருமடங்கு. ஊரில் ஒரு முறை மறந்தால் அடுத்த தெருவிற் கேட்கலாம். இங்கே ஒவ்வொரு மாவட்டத்து முறைக்கும் ஒரு குடும்பமோ இரண்டோதான் சான்று. வங்காளத்து அண்டைவீட்டார் லூடோவுக்கு அழைப்பர். நாம் தாயத்துக்கு அழைப்போம். இரண்டும் ஒரு குடும்பத்து ஆட்டங்கள் என்று கண்டபின் நட்பும் எளிதாகிறது.

தாயக்கட்டை இல்லாதவர் சோழி உருட்டுவர். கடற்கரையில் வாழும் நமக்குச் சோழிக்குப் பஞ்சமா என்று தாயகத்து உறவினர் கேட்பதுண்டு. 1983இல் அமைந்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் வாயிலே வண்டூர்தான். இங்கே கரையிற் கிடக்கும் சிப்பியையும் பவளத்தையும் எடுத்தல் குற்றம். ஆதலின் நம் வீடுகளில் புளியங்கொட்டையை ஒருபுறம் தரையில் வெண்மை தெரியத் தேய்த்து உருட்டுகிறோம். ஆறு கொட்டைகள் போதும்.

வரும் ஆண்டு மலரில் அவ்வவ் ஊர்த் தாயமுறையையும் பல்லாங்குழி முறையையும் அச்சிட எண்ணியுள்ளோம். அன்பர்கள் தத்தம் இல்லத்து மூத்தோரைக் கேட்டு, ஒரு தாளில் கட்டத்தை வரைந்து, எத்தனை காய், எங்கே மலை, எப்போது வெட்டு என்று குறித்துச் சங்கச் செயலாளரிடம் தருக. வெட்டாமல் பழம் எடுக்கலாமா என்னும் வினாவில் இராமநாதபுரத்தாரும் நெல்லையாரும் இன்றளவும் உடன்படவில்லை, இரண்டையும் அச்சிடுவோம்.