சுட்டியும் குறிச்சொல்லும்: கல்வராயன்மலையைத் தேடும் வழிகள்

டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த தென்னாற்காடு மாவட்டக் கெசட்டியர் 1906-இல் வெளிவந்தது. எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் தொகுத்த சேலம் கெசட்டியர் 1918-இல் வந்தது. இரண்டிலும் அந்த மலைக்குப் பெயர் கல்ராயன். இன்று அது கல்வராயன்மலை. சிலர் கல்வராயன் மலை என்று பிரித்து எழுதுகிறார்கள். ஆங்கில எழுத்தில் தட்டுபவர்கள் பழைய எழுத்துக்கூட்டலையும் புதியதையும் கலந்து பயன்படுத்துகிறார்கள். ஆகவே இணையத்தில் இந்த மலையைத் தேடுபவர் எந்தப் பெயரைத் தட்டுகிறார் என்பதைப் பொறுத்து அவருக்குக் கிடைக்கும் மலையே மாறிவிடுகிறது.

பெயர்ச் சிக்கல் மலையோடு நிற்கவில்லை. 1993 செப்டம்பர் 30 வரை, மலைக்கு அருகிலுள்ள ஊரான கள்ளக்குறிச்சியின் செய்தி தென்னாற்காடு மாவட்டச் செய்தி. அதன்பின் 2019 நவம்பர் 26 வரை விழுப்புரம் மாவட்டச் செய்தி. அதற்குப் பிறகுதான் ஊரின் பெயரே மாவட்டத்தின் பெயரானது. மலையோ இன்று இரண்டு மாவட்டங்களுக்குப் பொது: வெள்ளிமலை கள்ளக்குறிச்சியில் இருக்கிறது, கருமந்துறை சேலத்தில். இந்த வட்டாரத்தைப் பற்றி இணையத்தில் இருப்பதையெல்லாம் ஒருவர் திரட்ட நினைத்தால் நான்கு மாவட்டப் பெயர்களில் தேட வேண்டியிருக்கும்.

இணையச் சுட்டிகளைச் சேமித்து, குறிச்சொல் இட்டு, பிறரோடு பகிரும் பழக்கம் தமிழில் எப்படி வளர்ந்தது, எங்கே அறுந்தது என்பதை இந்த மலையை முன்வைத்துப் பார்க்கிறேன். சுட்டியைப் பகிர்வதில் தமிழர்கள் ஒருபோதும் பின்தங்கவில்லை. குறிச்சொல் இடும் பழக்கம்தான் பாதியில் கைவிடப்பட்டது. அந்த இழப்பு நகரங்களைவிடக் கல்வராயன் போன்ற இடங்களையே கூடுதலாகப் பாதிக்கிறது என்பது என் வாதம்.

நூலகத்திலிருந்து இணையத்துக்கு

குறிச்சொல்லின் முன்வரலாறு தமிழ்நாட்டு நூலகத்திலேயே இருக்கிறது. சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். அவருடைய கோலன் பகுப்புமுறை 1933-இல் வெளிவந்தது. ஒரு நூலை ஒரே பொந்துக்குள் அடைக்கும் அன்றைய முறையை அவர் ஏற்கவில்லை. நூலின் பொருளுக்குப் பல முகங்கள் உண்டு, அவற்றைத் தனித்தனியே குறித்துச் சேர்க்கலாம் என்றார். பிற்பாடு அவர் செம்மைப்படுத்திய ஐந்து முகங்கள் ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம். ஒரே சுட்டிக்கு ஐந்தாறு குறிச்சொற்களை இடும் இன்றைய வழக்கத்துக்கு இதைவிட நெருங்கிய மூதாதை எனக்குத் தெரியவில்லை. ஒரு வேறுபாடு உண்டு. ரங்கநாதன் முறையில் குறிப்பவர் பயிற்சி பெற்ற நூலகர். இணையத்தில் குறிப்பவர் வாசகர்.

அந்த வாசகருக்கு வழி திறந்தது 2003-இல் ஜோஷுவா ஷாக்டர் தொடங்கிய டெலிஷியஸ். அதுவரை புக்மார்க் என்பது அவரவர் கணினிக்குள் கிடந்தது. டெலிஷியஸ் அதைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. ஒரு குறிச்சொல்லை அழுத்தினால் அதே சொல்லை இட்ட முன்பின் அறியாதவர்களின் சுட்டிகளும் வந்து நின்றன. 2004-இல் தாமஸ் வாண்டர் வால் இந்தப் பழக்கத்துக்கு ஃபோக்ஸோனமி என்று பெயர் வைத்தார். மக்கள் வகைப்பாடு என்று நாம் சொல்லலாம். 2005 டிசம்பரில் யாஹூ டெலிஷியஸை வாங்கியது. 2008 இறுதியில் அதில் 53 லட்சம் பயனர்களும் 18 கோடி சுட்டிகளும் இருந்ததாகக் கணக்கு.

டெலிஷியஸில் தமிழுக்கு ஒரு நுட்பமான தொல்லை இருந்தது. அங்கே குறிச்சொற்களைப் பிரித்தது இடைவெளி. ‘கல்வராயன் மலை’ என்று எழுதினால் ‘கல்வராயன்’ ஒரு சொல்லாகவும் ‘மலை’ இன்னொரு சொல்லாகவும் பதிவாகும். பிந்தையது இமயமலைச் சுட்டிகளோடு போய்ச் சேரும். எங்கே சேர்த்து எழுதுவது, எங்கே பிரிப்பது என்பது தமிழாசிரியர்களுக்குள்ளேயே தீராத வழக்கு. அது இங்கே சுட்டி கிடைக்குமா கிடைக்காதா என்ற கேள்வியாகிவிட்டது.

தமிழ்த் திரட்டிகள்

தமிழில் சுட்டி சேர்க்கும் வேலையை முதலில் மனிதர்களே செய்தார்கள். 2003-இல் தமிழ் வலைப்பதிவுகள் முளைத்தபோது கனடாவில் வாழ்ந்த மதி கந்தசாமி அவற்றின் பட்டியலைப் பேணினார். ‘வலைப்பூ’ என்ற கூட்டு வலைப்பதிவில் வாரம் ஒருவர் ஆசிரியர் பொறுப்பேற்று, தான் படித்த இடுகைகளைச் சுட்டி கொடுத்து அறிமுகம் செய்தார். 2007-இல் தொடங்கிய வலைச்சரம் இதே மரபைப் பல ஆண்டுகள் தொடர்ந்தது. இன்று இவற்றை நினைக்கும்போது, தமிழ் இணையத்தில் நடந்த குறிச்சொல் வேலைகளில் மிகச் சிறந்தது இதுதான் என்றே தோன்றுகிறது. ஓர் இடுகை எதைப் பற்றியது, அதை ஏன் படிக்க வேண்டும் என்று ஒரு வாசகர் தன் பெயரைப் போட்டுச் சொன்னார்.

2004 ஆகஸ்டில் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் என்ற திரட்டி அந்தக் கைவேலையை இயந்திரத்திடம் கொடுத்தது. பதிவர்களின் செய்தியோடை வழியே புது இடுகைகள் தாமாகவே வந்து சேர்ந்தன. இடுகையின் தலையில் பொருத்திய பதிவுப்பட்டை வழியே வாசகர்கள் வாக்களித்தார்கள். வாரம் ஒரு நட்சத்திரப் பதிவரை முன்னிறுத்தும் வழக்கமும் இருந்தது. தேன்கூடு, தமிழ்வெளி, திரட்டி என்று வேறு திரட்டிகளும் வந்தன. பின்னால் இன்ட்லி என்று பெயர் மாறிய தமிழிஷ், வாசகரே சுட்டியைக் கொண்டுவந்து சேர்த்து வாக்குத் திரட்டும் முறையைப் பரப்பியது. அந்த ஆண்டுகளில் எழுதத் தொடங்கிய பலருக்கு முதல் நூறு வாசகர்களைத் தந்தவை இவைதான். அந்த நன்றி இன்னும் முறையாகச் சொல்லப்படவில்லை.

ஆனால் திரட்டிகளின் மையம் நேரம். புதியது மேலே, பழையது கீழே. வாக்கும் அன்றைய பரபரப்புக்கே விழுந்தது. கல்வராயன்மலையின் கடுக்காய், சாமை பற்றி ஒருவர் எழுதினால் அது சில மணிநேரம் முகப்பில் நின்று கீழே போய்விடும். ஓராண்டு கழித்து அதைத் தேடுபவருக்கு உதவ வல்லது குறிச்சொல் ஒன்றுதான். பதிவர்களில் பலர் அந்த இடத்தில் ‘அனுபவம்’, ‘பொது’, ‘மொக்கை’ என்றே போட்டார்கள்.

ஆங்கிலத்தைவிடத் தமிழுக்குக் குறிச்சொல் ஏன் கூடுதலாகத் தேவை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். தமிழில் பெயர்ச்சொல் வேற்றுமை உருபோடுதான் நடமாடும். கள்ளக்குறிச்சியில், கள்ளக்குறிச்சிக்கு, கள்ளக்குறிச்சியிலிருந்து, கள்ளக்குறிச்சியைச் சேர்ந்த என்று ஒரு கட்டுரை முழுக்க எழுதி, உருபு ஏறாத ஊர்ப்பெயரை ஒருமுறைகூட எழுதாமல் முடித்துவிடலாம். சொல்லை அப்படியே பொருத்திப் பார்க்கும் தேடல் கருவி அதைத் தவறவிடும். குறிச்சொல்லில் மட்டும்தான் ஊர் தன் வெறும் பெயரோடு நிற்கிறது. யூனிகோடுக்கு முன்பு ஒவ்வொரு நாளிதழும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்த காலத்துப் பக்கங்களில் இந்தத் தொல்லை இன்னும் பெரிது. சுட்டி உயிரோடு இருந்தாலும் எழுத்து வாசிக்க முடியாத குப்பையாகத் தெரியும்.

இன்னொரு சிக்கல் மக்களின் பெயரில் இருக்கிறது. கல்வராயனில் வாழும் பழங்குடியினரின் பெயர் மலையாளி. கொல்லிமலை, பச்சைமலை, சவ்வாது மலையிலும் அவர்கள் இருக்கிறார்கள். ‘மலையாளி’ என்று மட்டும் குறிச்சொல் இட்டால் கேரளத்துச் சுட்டிகளுக்கு நடுவே அவர்கள் காணாமல் போவார்கள். குறி தவறுவதன் விலையை இவர்கள் அரசு ஏட்டிலேயே கொடுத்துவருகிறார்கள். தமிழ்நாட்டுப் பட்டியல் பழங்குடிகளில் மலையாளி என்ற பெயர் தருமபுரி, வடஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களுக்கு என்றே குறிக்கப்பட்டது. அந்த வரியில் அடங்காத ஈரோடு மாவட்ட மலைகளின் மலையாளிகள் பழங்குடிச் சான்றுக்காக நீண்ட காலமாகப் போராடுகிறார்கள்.

மூடிய குழுக்களுக்குள்

பிறகு ஒவ்வொரு கதவாக மூடியது. தொடக்ககாலத் தமிழ்ப் பக்கங்கள் பலவற்றுக்கு இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009-இல் போனது. செய்தியோடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று நின்றது. டெலிஷியஸ் கைமாறிக் கைமாறி 2017-இல் 35,000 டாலருக்குப் பின்போர்டு என்ற இன்னொரு சுட்டிச் சேமிப்புத் தளத்திடம் வந்து, புதிதாக எதையும் சேர்க்க முடியாத காப்பகமானது. கூகுள் பிளஸ் 2019-இல் மூடப்பட்டது. மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்ற தமிழ் மடற்குழுக்கள் இயங்கிய யாஹூ குழுமங்கள் 2020-இல் முற்றாக முடிந்தன. தமிழ்மணமும் ஓய்ந்தது. 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளில் கிடைக்காமல் போய்விட்டன என்று பியூ ஆய்வு மையம் 2024-இல் கணக்கிட்டது.

சுட்டிகள் வாட்ஸ்அப்புக்குப் போயின. முன்னெப்போதையும்விட அதிகமாகச் சுட்டிகள் பகிரப்படுவது அங்கேதான். ஆனால் அங்கே பகிரப்படும் சுட்டிக்குக் குறிச்சொல் கிடையாது. குழுவுக்கு வெளியே அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. யார் முதலில் கொண்டுவந்தார் என்பதும் தெரியாது. அண்டை மாவட்டமான திருவண்ணாமலையில் 2018 மே மாதம் குழந்தை கடத்தல் வதந்தி ஒரு மூதாட்டியின் உயிரைப் பறித்தது. நாடெங்கும் இப்படி நடந்த பின், அந்த ஜூலையில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது.

குறிச்சொல் கள்ளக்குறிச்சிக்கு முழு வீச்சில் வந்தது 2022-இல், வேறொரு வேடத்தில். சின்னசேலத்தை அடுத்த கனியாமூரில் ஜூலை 13 அன்று ஒரு பள்ளி மாணவி இறந்தார். நீதி கேட்ட குரல் ஹேஷ்டேகாகவும் வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகவும் பரவியது. ஜூலை 17 அன்று திரண்ட கூட்டம் வன்முறையில் முடிந்து பள்ளிப் பேருந்துகள் எரிந்தன. ஹேஷ்டேக் ஆட்களைத் திரட்டுவதற்கான சொல். பின்னால் வருபவர் தேடிப் படிப்பதற்காக இடப்பட்ட பழைய குறிச்சொல்லுக்கும் அதற்கும் வடிவம் மட்டுமே பொது. அந்த நாள்களில் பகிரப்பட்டவற்றில் எது சாட்சியம், எது வதந்தி என்று பிரித்துக் குறித்து வைக்கப் பொது இடம் ஒன்றும் இருக்கவில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அன்றிலிருந்து ஊரின் பெயரை மட்டுமல்ல, மலையின் பெயரைத் தட்டினாலும் முன்னால் வந்து நிற்பது சாராயம். இது எனக்கு வலிக்கிறது. ஏனென்றால் அதே ஆண்டு ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. மூன்று ஜாகீர்தாரர்களின் கீழ் இருந்த இந்த மலை 1976-இல்தான் அரசின் நேரடிப் பொறுப்புக்கு வந்தது என்ற செய்தி பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. சாலை, மருத்துவம், பள்ளி, வன உரிமை எல்லாம் அந்த வழக்கில் பேசப்பட்டன. அது பற்றிய சுட்டிகளும் குழுக்களில் ஓடின, ஓடிக் கரைந்தன.

அவற்றைச் சேர்த்து வைப்பது பெரிய செலவில்லாத வேலை. மாவட்ட நூலகமோ, ஒரு கல்லூரித் தமிழ்த்துறையோ, மலையிலேயே படித்த பத்து இளைஞர்களோ போதும். ஒவ்வொரு பக்கத்தையும் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் முதலில் பதிய வேண்டும். பிறகு ரங்கநாதனின் ஐந்து முகங்களை எடுத்துக்கொள்ளலாம். அந்த நீதிமன்ற வழக்கு பற்றிய ஒரு செய்திச் சுட்டிக்கு நான் இப்படிக் குறிப்பேன்: ஆளுமைக்கு ‘மலையாளி பழங்குடி’, பொருளுக்கு ‘சாலை’, ‘வன உரிமை’, ஆற்றலுக்கு ‘தாமாக முன்வந்த வழக்கு’, காலத்துக்கு ‘2024 ஜூலை’. இடத்துக்கு மட்டும் ஐந்து: கல்வராயன்மலை, கல்வராயன் மலை, கல்ராயன், கள்ளக்குறிச்சி, விழுப்புரம்.